நெரினா இல்லாத படம்

படம் நன்றாகத்தான் இருந்தது சார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் எல்லாரும் அதைத் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். ஆனால் கணவாயில் பனி கொட்டுகிற காட்சியும், குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதும், நான் மனதில் வைத்திருந்ததைவிட ஒரு படி மேல். நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். உட்காரச் சொல்லி டீயும் கொடுத்தீர்கள். நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் சிவப்பிரகாஷ், வயது நாற்பத்தொன்பது, எஸ்டேட் ஸ்டோரில் கிளார்க். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மானேஜர் மாற்றலாகிப் போகும்போது பங்களாவில் ஐந்து ஆங்கிலப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போனார். ‘ஏழு கணவாய்கள்’ என்று பெயர். ஒவ்வொன்றும் செங்கல் கனம். நாடிழந்த இளவரசன் ஒருவன் ஏழு கணவாய்களைத் தாண்டி ஊர் திரும்புகிற கதை. அதற்கு உலகம் முழுக்கப் பித்துப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மஸ்டர் கொட்டகையில், காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்களே அந்த இடத்தில், முதல் அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ஒன்பது பேர் இருந்தார்கள். மூன்றாவது வாரம் அறுபது பேர்.

அன்றைக்குத்தான் கொழுந்து எடுக்கிற மூக்கம்மாள் கேட்டாள். “ஏம்ப்பா பிரகாசு, அந்த ஊர்ல பொம்பளையே கெடையாதா? இத்தன பேருக்கு யாரு சோறு பொங்குறா?”

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. கேள்வி நியாயமானது. அடுத்த ஞாயிறு நெரினா வந்தாள். கணவாய்களில் உப்பு மூட்டை சுமக்கிறவள், முதுகில் தழும்பு உள்ளவள். மூன்றாம் புத்தகத்துக்குள் ராணியாகிவிட்டாள். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். இடையிடையே பக்கமும் திருப்பினேன்.

அவள் எங்கள் எஸ்டேட்டுக்கு என்ன செய்தாள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஆட்கள் குடியிருக்கிற லயங்களில் இரண்டு குழந்தைகளுக்கு நெரினா என்று பேர். ஒரு மழையில் கூரைத் தகரம் ஒழுகியபோது பெண்கள் நாற்பது பேர் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். “நெரினா இருந்தா கேப்பாளா மாட்டாளா?” என்று மூக்கம்மாள்தான் கிளப்பிவிட்டாள். ஒரே வாரத்தில் புதுத் தகரம் வந்தது. ஐந்து புத்தகமும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

போன வருஷம் படம் வந்தது, தமிழ் பேசி. ஆறு ஜீப்பில் போடிமெட்டு இறங்கித் தேனிக்குப் போனோம். இடைவேளை வரை மஸ்டர் கொட்டகையில் இருக்கிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“எங்கடா அவ?” என்றாள் மூக்கம்மாள்.

“வெட்டிட்டானுக அக்கா” என்றேன். “சினிமாக்காரனுக அப்படித்தான். நீளமா இருந்தா கத்தரிதான்.”

அது போதுமாக இருந்தது. திரும்புகிற வழியெல்லாம் டைரக்டருக்கு நல்ல மரியாதை நடந்தது. ஜீப் ஓட்டுகிற சுடலைமணி, “உப்பு மூட்ட சொமக்குறவன்னா அவனுகளுக்கு எளப்பமாப் போச்சுல்ல” என்று சொல்லிச் சொல்லி ஆறினான். மறுவாரம் நூற்றுப்பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு சினிமாக் கம்பெனிக்குக் கடிதம் போனது. ரோட்டு முக்கில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள்: ‘நெரினா இல்லாத படம் எங்களுக்கு வேண்டாம்.’ டூர் வந்த யாரோ அதைப் போட்டோ எடுத்து நெட்டில் போட்டுவிட்டார். உலகத்தில் உள்ள கணவாய்ப் பைத்தியங்கள் எல்லாம் யார் இந்த நெரினா என்று கேட்டுச் சிரித்தார்களாம். எங்களுக்கு அது வந்து சேரவில்லை. கோயம்புத்தூரில் எம்.ஏ. படிக்கிற மோனிஷாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

மோனிஷா சுடலைமணியின் மகள். பத்து வயசில் முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்து நெரினா கதை கேட்டவள். அவள் நெட்டில் சிரித்தவர்களோடு சண்டை போட்டிருக்கிறாள். ஆதாரம் காட்டுவதற்காக ஐந்து புத்தகத்தையும் வாங்கிப் படித்திருக்கிறாள்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை லீவுக்கு வந்தவள் நேராக ஸ்டோருக்கு வந்தாள்.

“ரெண்டு தடவ படிச்சிட்டேன் மாமா. அவ எங்கயுமே இல்ல.”

“அது வேற பதிப்பா இருக்கும்மா.”

“போன லீவுல உங்க புக்கயும் எடுத்துப் பாத்தேன்.” சிரித்தாள். கோபமே இல்லை சார், அதுதான் சங்கடம். “மாமா, அவதான் அந்தக் கதையிலயே நல்ல கேரக்டர். அவள எழுதுனது நீங்க. பன்னெண்டு வருசமா ஒரு ரைட்டர் உர மூட்டை எண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. ஞாயித்துக்கெழம எல்லார்ட்டயும் சொல்லப் போறேன்.”

“வேண்டாம்மா.”

“கூச்சப்படாதீங்க. மாலை போடுவாங்க பாருங்க.”

போட்டிருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மறுநாள் மூக்கம்மாள் ஆபீஸ் வாசலில் போய் நின்றால் யாருடைய பேரைச் சொல்லி நிற்பாள்? ஸ்டோர் கிளார்க் கட்டிவிட்ட ஆளுடைய பேரையா? அந்த இரண்டு பிள்ளைகளும் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் என்ன சொல்வது? புத்தகத்தில் இருக்கிறவரைதான் நெரினாவுக்கு உயிர். நான் எழுதியவள் என்று ஆனால் அந்த நிமிஷமே போய்விடுவாள். இருவரில் ஒருவர்தான் இருக்க முடியும் என்று எனக்கு வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது. இரண்டு நாள் யோசித்தேன். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் பக்கத்து டிவிஷன் கோயிலிலிருந்து மைக் செட் எடுத்துவரக் கிளம்பினாள். நான் பேசுவது எல்லாருக்கும் கேட்க வேண்டுமாம். அப்பாவின் ஜீப்பை அவளே ஓட்டினாள். நானும் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் மூடுபனி இறங்கியது. பானெட்கூடத் தெரியவில்லை.

அப்படி ஆனால் எஸ்டேட் ரோட்டில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் இருக்கிறவர் இறங்கி, முதுகில் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கக் கூடாது, துண்டை மட்டும் பார்த்து வர வேண்டும். முன்னால் நடக்கிறவரை நம்பாமல் இங்கே யாரும் வண்டி ஓட்ட முடியாது. நான் இறங்கி நடந்தேன். ஜூலை மழையில் பாதி ரோடு சரிந்த வளைவு வந்தது. சரிவின் விளிம்பில் எச்சரிக்கைக்கு ஒரு கம்பு நட்டிருப்பார்கள். துண்டை அந்தக் கம்பில், என் தோள் உயரத்துக்கு மாட்டிவிட்டு, தேயிலைக்குள் இரண்டடி ஒதுங்கி நின்றேன்.

“வரலாம், வரலாம்” என்றேன்.

“துண்டு தெரியுது மாமா” என்றாள்.

அவ்வளவுதான். பெரிய சத்தம்கூட இல்லை, கீழே வரை செடிதானே. துண்டை எடுத்துக்கொண்டேன். பிறகு ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன், ஓடியதும் நிஜமான ஓட்டம்தான்.

நான் இன்றைக்கு வந்ததற்குக் காரணம் வேறு. வண்டி ஓட்டியவரின் அஜாக்கிரதை என்று நீங்கள் போலீஸ் மகஸரில் எழுதியிருப்பதாகச் சுடலைமணி சொல்லி அழுதான். அது தப்பு சார். திருத்த வேண்டும். அந்தப் பிள்ளை அருமையாக ஓட்டினாள், துண்டை விட்டு ஒரு சாண் விலகவில்லை. எழுத்தில் ஏறுகிற விஷயம் சரியாக இருக்க வேண்டும். எனக்கு அதில் சமரசம் கிடையாது. அவளைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதுங்கள்.

ஆனால் மோனிஷாவுக்கு நான் குறை வைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். நேற்று ஞாயிறு, கொட்டகை நிரம்பியிருந்தது. நெரினாவுக்கு முன்னால் நடந்து வழி காட்டுகிற பெண் ஒருத்தி கதையில் உண்டு, அவள் பேரும் மோனிஷாதான் என்று வாசித்துக் காட்டினேன். சுடலைமணி என் காலைப் பிடித்துக்கொண்டான். நான் இட்டுக்கட்டவில்லை சார். மூன்றாம் புத்தகம், பதினெட்டாம் அத்தியாயம். நீங்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.