நிமிடத்துக்கு ஐந்து சொல்

செயலாளர் தம்பி எனக்குத் தரவேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. வானொலிச் சங்கத்து மொட்டைமாடியில் ஏரியல் கம்பத்தைத் தூக்கி நிறுத்திய கூலி. அதற்காகச் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், ஐயா. கூலி பாக்கி எனக்குப் புதிதில்லை.

நான் சுமை தூக்குகிறவன். நாற்பத்தொரு வயதில்தான் எழுத்துப் படித்தேன். எழுத்தையும், புள்ளியும் கோடுமாய்த் தட்டி அனுப்புகிற மோர்ஸையும் ஒன்றாகவே படித்தேன். அமெச்சூர் ரேடியோ உரிமத்துக்கு நிமிடத்துக்கு ஐந்து சொல் பிசகாமல் அனுப்ப வேண்டும். ஆறு வருடம், ஆறு தோல்வி. எப்போதும் எண்களில்தான் விழுவேன். ஒவ்வோர் எண்ணுக்கும் ஐந்து ஒலி. ஏழாம் முறை தேறினேன். உரிமத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினேன்.

அடுத்த மாதமே, மோர்ஸ் தேர்வை நீக்கிவிடலாமா என்று அரசாங்கம் சங்கங்களைக் கேட்டது. கூட்டத்தில் செயலாளர் எழுந்தார்.

"தட்டித் தட்டிப் பேச நாம என்ன மரங்கொத்தியாண்ணே? மைக்கைப் புடிச்சாப் போதும்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"மைக் இல்லாத இடத்துல மாட்டிக்கிட்டா என்ன தம்பி பண்ணுவீங்க?"

"கத்துவேன்."

மறுபடி சிரிப்பு. தேர்வு வேண்டும் என்று கை தூக்கியவன் நான் ஒருவன்தான். எனக்குப் பயம் பிடித்தது அன்றுதான். என் ஆறு வருடத்தை ஒரு சிரிப்பில் துடைத்துவிட முடியும் என்று தெரிந்துவிட்டது.

மாடியில் பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று காலியாகக் கிடக்கிறது. கம்பத்தின் அடி நட்டு அதற்குள்தான். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, நட்டு தளர்ந்திருக்கிறது என்று செயலாளரிடம் சொன்னேன். போனைக் கீழே சார்ஜில் போட்டுவிட்டு வந்து, உள்ளே இறங்கினார். மூடியைப் போட்டுத் திருகினேன். டார்ச், ஸ்பேனர், மோர்ஸ் அட்டவணை எல்லாம் முன்பே உள்ளே வைத்திருந்தேன். நான் அநியாயக்காரன் இல்லை.

"அண்ணே, விளையாடாதீங்க!"

"ஸ்பேனரால தட்டினா புள்ளி, இழுத்தா கோடு. தேறிட்டீங்கன்னா திறந்துடுறேன், தம்பி."

முதலில் சொன்னபடியே கத்தினார். சுற்றிலும் பட்டறைகள்; ஞாயிறு விடுமுறை. பிறகு மூன்று தட்டு, மூன்று இழுப்பு, மூன்று தட்டு. ஆபத்து என்ற அந்தக் குறி குழந்தைக்கும் தெரியும், கணக்கில் சேராது. பத்தரைக்குத் 'தண்ணி' என்று அனுப்பினார். அந்த ஒரு சொல்லுக்கு நாலு நிமிடம். எனக்குத் தேர்வு வைத்தவர் ஒரு நொடிகூட விட்டுக்கொடுத்ததில்லை. வெயில் ஏறியது. மூடிமேல் உட்கார முடியாமல் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டேன்.

ஒரு மணிக்கு எண் வந்தது. ஒன்று, எட்டு, நான்கு, பூஜ்யம். இருபது ஒலி, ஒன்றுகூடப் பிசகவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். வேகமும் சரி. தேறிவிட்டார்.

சொன்ன சொல் தவறாதவன் நான். திருகில் கைகூட வைத்தேன். எடுத்துவிட்டேன். எனக்கு ஆறு வருடம் பிடித்ததை அவர் நாலு மணி நேரத்தில் படித்துவிட்டார். வெளியே வந்தால் அதையும் கூட்டத்தில் சொல்வார்.

படியிறங்கி வந்துவிட்டேன். தெருமுனை வரைக்கும் கேட்டது, அதே இருபது ஒலி. இந்த அறைக் குழாய் சொட்டுவதும் எனக்கு அப்படியே கேட்கிறது, ஐயா. யாரையாவது அதை இறுக்கி மூடச் சொல்லுங்கள்.

அந்தப் பாக்கியை நான் தள்ளிவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். செத்தவரிடம் கூலி கேட்கிற அளவுக்கு நான் ஈரமில்லாதவன் இல்லை.