தங்கையின் கையெழுத்து

அல்சூரில், பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். பேச்சு அவர்கள் வாங்கப்போகிற மர்பி டவுன் வீட்டைப் பற்றி.

“முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. விக்கிறவரோட தங்கச்சி கையெழுத்து மட்டும் வேணும்ங்கறார் வக்கீல்.”

“அப்பா வீடாச்சே. அவங்களுக்கும் பங்கு இருக்குமில்ல?”

“இருக்கு. ஓசூர்ல இருக்காங்களாம். நல்லதா ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுங்கன்னு அண்ணன்காரர்கிட்ட சொல்லப்போறேன். போட்டுடுவாங்க.”

“போட்டுடுவாங்க.”

“அப்புறம் ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க?”

“ஸ்ரீராம்புரம் வீட்ட விக்கறப்போ எங்கண்ணனும் எனக்கு ஒண்ணு எடுத்துக் கொடுத்தான். அரக்கு கலர். வாங்கிக்கிட்டு, பங்கு வேணாம்னு கையெழுத்துப் போட்டேன்.”

“அரக்குப் புடவையா? நான் பாத்ததே இல்லையே.”

“கட்டினாத்தானே பாப்பீங்க.”

பூத்தின் கண்ணாடிக் கதவு திறந்தது. அவர் அசையவில்லை.

“போங்க, போய்ப் பேசுங்க” என்றாள். “கலராவது அந்தம்மாவையே கேட்டு எடுக்கச் சொல்லுங்க.”