ஸ்டுடியோக்காரர் எடுக்காத படம்

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்து. மல்லிகை மூட்டைகளின் வாசம் எல்லோர் மடியிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“என் பழைய மாப்பிள்ளைய எங்க வீட்டுக்காரரே போய் அழிச்சுட்டாருக்கா.”

“அடி ஆத்தி! என்னடி சொல்ற?”

“நின்னுபோன நிச்சயதார்த்தப் போட்டோக்கா. ஸ்டுடியோக்காரன் வெப்சைட்டுல நானும் அவனும் மாலையோட நிக்கிறோம். எம்புட்டோ கெஞ்சினேன். நல்லா வந்த படமாம், எடுக்க மாட்டேன்னுட்டான்.”

“உன் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

“பயந்து பயந்து மறைச்சேன். நேத்து நானே சொல்லி அழுதுட்டேன். உடனே வண்டிய எடுத்தாரு.”

“சண்டையா?”

“ஸ்டுடியோக்காரன் பக்கத்துல நின்னு அழிக்க வச்சுட்டு, எங்க கல்யாண ஆல்பத்த நீட்டிருக்காரு. ‘இதப் போடச் சொல்லவா?’ன்னு எனக்குப் போன்.”

“நீ என்ன சொன்ன?”

“நீங்களும் ஆல்பமும் ஒழுங்கா வீடு வந்து சேருங்கன்னேன்.”