பத்துக் குழாய் சேரும்வரை

மேடையில் வீற்றிருக்கும் அலுவலர்களே, லூர்துராஜின் துணைவியார் பிரின்சி அவர்களே, இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குக் கரியாலூரிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்திருக்கும் மலை மக்களே, வணக்கம். கள்ளக்குறிச்சி ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் ராதிகா நான்.

இன்று காலை நான் முதலில் செய்தது, ஆய்வகத்தின் ஃபிரிட்ஜைத் திறந்ததுதான். உண்ணிக் காய்ச்சல் சோதனைக்கு வந்த ஆறு குழாய்கள் இருந்தன. நான்காவதில் 'லூர்துராஜ், 38' என்று அவர் கையெழுத்து. திங்களன்று தன் ரத்தத்துக்குத் தானே பெயரெழுதி அனுப்பினார். வெள்ளியன்று இறந்தார். குழாய் அங்கேயே இருந்தது.

ஏன்? பத்துக் குழாய் சேர்ந்தால்தான் சோதனையைத் தொடங்க வேண்டும் என்பது நம் விதி. ஒருவருக்காகச் செய்தால் ரசாயனம் வீணாகுமாம்!

யார் இந்த லூர்துராஜ்? மலைமேல் கரியாலூர் சுகாதார நிலையத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆய்வக நுட்புநர். காய்ச்சலோடு வருபவரின் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் சிகரெட் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கைத் தேடுவார். உண்ணி கடித்த அடையாளம் அது. கடுக்காய் பொறுக்கப் போய்க் காய்ச்சலில் விழுந்த ஜெயம்மாளுக்கு, பயிற்சி முகாமில் மிஞ்சிய ஒரே துரிதச் சோதனை அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தார். இருபது நிமிடத்தில் இரண்டு கோடு; உண்ணிக் காய்ச்சலேதான். அன்றே மாத்திரை. மூன்றாம் நாள் அந்த அம்மா எழுந்து, "ஏம்பா, இங்க காப்பி கீப்பி கெடையாதா?" என்றார். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

அந்த அட்டைகளைக் கேட்டு மேலிடத்துக்கு மூன்று முறை எழுதினார். "கீழேதான் ஆய்வகம் இருக்கிறதே" என்று மூன்று முறையும் பதில். கீழே இருந்தது யார்? நான். வாரம் தவறாமல் போன் செய்வார். "இன்னாக்கா, ஷேர் ஆட்டோவா ஓட்டிக்கினு கீறீங்க? பத்து பேரு ஏறுனாத்தான் வண்டிய எடுப்பீங்களா?" நான் சிரிப்பேன். "ரூல்ஸ் அப்படிப்பா" என்பேன்.

அவருக்கே காய்ச்சல் வந்தது. சேர்த்த ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "உண்ணிக் காய்ச்சலா இருக்கும் சார்" என்று அவர் சொன்னதற்கு, "ரிப்போர்ட் வரட்டும்" என்றார்கள். ஊரார் உடம்பிலெல்லாம் அவர் தேடிய பொருக்கு அவர் முதுகில் இருந்தது. தன் முதுகை யாரால் பார்க்க முடியும்? அவரை ஒருவர்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. கடைசியாகக் குளிப்பாட்டும்போது பிரின்சிதான் பார்த்தார்.

'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று இறப்புச் சான்றில் எழுதியிருக்கிறார்கள். தெரியாதா? இன்று காலை அந்த ஆறு குழாய்களையும் சோதித்தேன். மூன்று மணி நேரம் ஆனது. லூர்துராஜுக்கு உண்ணிக் காய்ச்சல்தான். இன்னொருவருக்கும் அதேதான். அவர் உயிரோடு இருக்கிறார்; மாத்திரையைத் தொடங்கச் சொல்லிப் போன் செய்துவிட்டு இங்கே வந்தேன். திங்களன்று செய்திருந்தாலும் அதே மூன்று மணி நேரம்தான்.

புகழ் ஓங்குக என்று சொல்லிவிட்டு உட்கார எனக்கு வாய் வரவில்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்கள் முன் சொல்கிறேன். நாளை முதல், காய்ச்சல் ரத்தம் எந்த ஊரிலிருந்து வந்தாலும் வந்த அன்றே சோதிப்பேன். மெமோ கொடுப்பவர்கள் கொடுக்கட்டும்.

லூர்து, இனி ஒருத்தர் ஏறினாலும் வண்டியை எடுத்துவிடுவேன்பா.