வார்னிஷிலை ஒரு பொட்டு

ஓம் தம்பி, அது கீறல் இல்லை, கறைதான். வடிவாய்ப் பாருங்கோ, ஒளிக்க ஒண்டுமில்லை. டவுனுக்கு அங்காலை எல்லர்ஸ்லியிலை இருந்து இந்த டிராஃபிக்குக்கை கிளென் ஈடனுக்கு வந்திருக்கிறியள், ஒரு தேத்தண்ணிகூட ஊத்தேல்லை எண்டு குறை நினையாதேங்கோ. பிறகு சொல்லுறன்.

யசீகரன் எண்டுதானே பேர்? எங்கடை அவர் சொன்னவர், வாசிக்கிற பெடியன் ஒருத்தன் வருவான், அவனுக்குத்தான் வயலினைக் குடுக்கிறது எண்டு. கான்சர் மருந்தாலை அவருக்கு விரலெல்லாம் விறைச்சுப் போச்சு, தந்தியிலை கை வைக்கேலாது. சும்மா தூங்கவிட மனமில்லை அவருக்கு.

உள்ளுக்கை லேபிள் தெரியுதோ? போன் லைட்டை அடியுங்கோ. ரெண்டு பேர் போட்டிருக்கு, அண்ணனும் தம்பியுமாம். பிரான்சிலை மிர்க்கூர் எண்டொரு ஊர், வீட்டுக்கு வீடு வயலின்தானாம். ஒருத்தன் பலகை இழைப்பானாம், ஒருத்தன் தலைப்பிலை இருக்கிற இந்தச் சுருளைச் செதுக்குவானாம், வார்னிஷ் பூசுறது பொம்பிளையளாம். அவையின்ரை பேர் இருக்கோ? தேடாதேங்கோ, இல்லை. எங்கையும் அப்பிடித்தானே.

சுருள் தேஞ்சது எங்கடை வேலை. பிரெஞ்சுக்காரன் நாடிக்குக் கீழை வச்சு வாசிக்கச் செய்தவன், இவர் நிலத்திலை இருந்து, வலது காலை நீட்டி, கணுக்காலிலை ஊண்டி வாசிப்பார். அந்தக் காலைக் கழுவிப்போட்டு இருங்கோவன் எண்டு எத்தினை தரம் கத்தியிருப்பன்.

கறையோ? அது நான். இந்த வீட்டுக்கு வந்து முதல் சரஸ்வதி பூசை. ஊரிலை ஆர்மோனியப் பெட்டிக்கு வைக்கிற மாதிரி, சந்தனத்தைக் குழைச்சு, நடுவிலை குங்குமத்தை அப்பிவிட்டன். விடியத் துடைச்சால் வார்னிஷும் சேர்ந்து வருது, சிவப்பு அப்பிடியே ஊறிக் கிடக்கு. ஐயோ, அண்டைக்கு அவற்றை முகம்! நூறு வருசத்துச் சாமான் எல்லே. கன நாள் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

எடுக்கலாம் தம்பி, எடுக்கேலாது எண்டில்லை. ஒரு வெள்ளைக்காரன் பாத்துப்போட்டு, சுரண்டிப் புதுசாய்ப் பூசித் தாறன் எண்டவன். இவர்தான் விடேல்லை. பூசின பொம்பிளையளிலை ஒருத்தியின்ரை அடையாளமாவது இருக்கட்டுமன் எண்டார். பகிடிக்குத்தான் சொன்னவர். ஆனால் பிறகு அந்த இடத்தைத் தடவிப்போட்டுத்தான் சுதி சேர்ப்பார்.

நீங்களும் சுரண்டத்தான் போறியளோ? ம்... உங்கடை சாமான், நான் மறிக்கேலாது.

அவரோ? அவர் இல்லை தம்பி. போன செவ்வாய், உந்தா, பக்கத்திலை வைக்குமெட்டேச் சுடலையிலைதான் எரிச்சது. கடைசியா உங்களுக்கு மெசேஜ் போட்டது நான். அவர் குடுத்த சொல்லை மாத்திற ஆள் இல்லை, அதுதான் வாங்கோ எண்டனான். சாவுத் துடக்கு வீட்டிலை தேத்தண்ணி தரப்படாதெல்லே. முதலே சொல்லியிருக்கோணும், வாய் வரேல்லை.

கொண்டு போங்கோ. பெட்டிப் பூட்டு கொஞ்சம் இறுக்கம், அமத்தித்தான் திறக்கோணும். அந்தப் பொட்டை மட்டும் விட்டுவிடுங்கோ தம்பி. என்ரை நெத்தியிலை இருந்ததைச் செவ்வாய்க்கிழமை துடைச்சுப்போட்டினம்.