ரெங்கசாமியின் மாடும் என் பாதி நிலமும்

யார் வீட்டில் மீன் குழம்பு, யார் வீட்டில் வெறும் மேகி என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். ஆகவே ரெங்கசாமியைப் பற்றி விசாரிக்க நீங்கள் முதலில் என்னிடம் வந்தது சரிதான், இன்ஸ்பெக்டர் சார்.

கலும்பாங்கில் எஸ்டேட்டை ஒட்டிய அந்த இரண்டு ஏக்கரை என் வீட்டுக்காரரும் ரெங்கசாமியும் சேர்ந்து வாங்கினார்கள். நிலப் பத்திரம் ஒரே கிராண்டு, அதில் இரண்டு பெயர். நடுவில் வாய்ப்பேச்சில் போட்ட வேலி. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததும் ரெங்கசாமி வேலியைப் பிடுங்கிவிட்டார். அவர் மாடுகள் என் வாழைக்கன்றுகளைக் குருத்தோடு தின்றன.

“கிராண்டுல ரெண்டு பேரும் இருக்கோம் அண்ணி. எது யார் பாதின்னு மாட்டுக்குத் தெரியுமா லா?”

“மாட்டுக்குத் தெரியாது. மேய்க்கிறவருக்குமா தெரியாது?”

சிரித்தார். பிறகு என் வீடு நிற்பதே தன் பாதியில்தான், தைப்பூசத்துக்குள் காலி செய் என்றார். நான் எங்கே போவது? ராவாங்கில் மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடவா?

அவர் மாடுகள் எஸ்டேட்டின் செம்பனைத் தோட்டத்துக்குள் அவிழ்த்துவிட்டபடி மேயும். பொழுது சாய்ந்தால் முன்மாட்டின் கழுத்துமணி கேட்கும் பக்கமாக நடந்து போய் ஓட்டிவருவார். வழியில் பழைய லயத்துப் பாழுங்கிணறு. அதற்குப் பலகை போட்டவரும் அவர்தான், அதன்மேல்தான் நடப்பார். நான் பலகையை எடுத்துவிட்டுச் செம்பனை மட்டைகளைப் பரப்பினேன். முன்மாடு லெட்சுமியைக் கட்டிப்போட்டு, மணியைக் கழற்றி, கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்று ஆட்டினேன்.

“லெட்சுமி, வாம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். குரல் பாதியில் கீழே போனது.

அவர் மனைவி நவமணி அழுதுகொண்டு வந்தாள். தஞ்சோங் மாலிமில் யாரோ ஒருத்தியோடு அவரைப் பார்த்ததாகப் பேச்சு என்று, கோயிலில் இரண்டு பேர் காதில் மட்டும் போட்டேன். மறுநாள் தேடப் போன ஆண்கள் பாதி வழியில் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார்கள். நவமணி கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் கீழே உயிரோடுதான் இருந்தார். கால் ஒடிந்திருந்தது. “அண்ணி, தண்ணி” என்றார். வாளியில் கயிறு கட்டி இறக்கினேன். காலையும் மாலையும் இறக்கினேன், மழையிலும் போனேன். கடைசியில் வாளி நிறைந்தபடியே மேலே வந்தது.

எதை வேண்டுமானாலும் எழுதுங்கள் சார். ஒரு மனுஷனைத் தாகத்தில் தவிக்கவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை.