அட்டையில் எட்டு

டிவியில் எண் ஜோசியம் சொல்கிறவரே, ஒரு பெண்ணை ஆபரேஷனுக்குப் போகவிடாமல் செய்தது நீங்கள்தான்.

நேற்றுக் காலை பூந்தமல்லியில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவள் மடியில் ஆஸ்பத்திரி அட்டை; அதிலிருந்த எண்ணை வாய்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“நாலு, சைபர், ரெண்டு, ஏழு, ஒண்ணு, அஞ்சு, ஆறு, சைபர், ஒண்ணு. கூட்னா இருபத்தாறு. ரெண்டும் ஆறும் எட்டு. எட்டு வந்தா கத்தி படக்கூடாதுன்னு டிவில சொன்னாரே.”

“பின்னாலேர்ந்து கூட்டிப் பாரு மே.”

“பாத்துட்டேன்யா. எப்டிக் கலைச்சுப் போட்டாலும் எட்டுதான் வருது. என்னை உடாது.”

“உனக்கு அப்பால ஒம்போதாவதா அட்டை வாங்குனவனுக்கும் எட்டுதான் வரும். அவன் இன்னா, ஊட்டுக்கு ஓடிட்டானா?”

“அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சே.”

“கட்டி பெருசாயிகினே போவுது மே. இன்னிக்கு உட்டா டாக்டரு எப்ப தேதி குடுப்பாரோ.”

ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டிய குமணன்சாவடி வந்தது. அவன் எழுந்தான். அவள் கம்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

ஒன்பது நோயாளிகளில் ஒருவருக்கு எட்டு வரத்தான் செய்யும். அத்தனை பேரும் கத்தி பட்டுச் செத்தார்களா? ஊரே பார்க்க டிவியில் பதில் சொல்லுங்கள்.